அடிபட்ட இடத்தைத் தொடாத கவசம்

விரல் முறிவு ஆறி, மறுபடி ஆடப்போகிறேன் என்று வருகிற பேட்ஸ்மேனிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "பேட் கொண்டு வந்திருக்கீங்களா?" என்பதுதான். பெரும்பாலும் இருக்காது. எக்ஸ்ரே இருக்கும், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கும், பழைய கிளவுஸ்கூட இருக்கும். பேட் மட்டும் வீட்டில் கிடக்கும். போய் எடுத்துக்கொண்டு வரச் சொல்லிவிடுவேன். மேஜைமேல் விரித்து வைத்த கைக்கு அளவெடுத்தால், அந்தக் கவசம் மேஜைமேல் விரித்த கைக்குத்தான் பொருந்தும். ஆட்டத்தில் எந்தக் கையும் அப்படி இருப்பதில்லை.

கைக்கு ஸ்ப்ளிண்ட் செய்வது என் அன்றாட வேலை. வருகிறவர்களில் ஒரு பங்கு விளையாட்டுக்காரர்கள். கிரிக்கெட், ஹாக்கி, ஃபுட்பால் கோல்கீப்பர்கள், எப்போதாவது பாறை ஏறுகிறவர்கள். சிகிச்சைக்குப் போடும் ஸ்ப்ளிண்ட்டும் மைதானத்துக்குச் செய்யும் கவசமும் ஒரே பிளாஸ்டிக்கில் உருவாகின்றன என்பதால் இரண்டும் ஒன்று என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்ப்ளிண்ட் விரலை அசையவிடாமல் பிடித்து வைக்கிறது. கவசமோ விரலை அதன் வேலையைச் செய்யவிட்டு, விழும் அடியை மட்டும் வேறு இடத்துக்குத் திருப்ப வேண்டும். சிகிச்சைக்குப் போட்ட ஸ்ப்ளிண்ட்டையே மாட்டிக்கொண்டு ஆட வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். விரலைத் தவிர மணிக்கட்டு, பக்கத்து விரல்கள் எல்லாம் அதற்காகக் கூடுதல் வேலை செய்துகொண்டிருக்கும்.

எவ்வளவு அடி என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஆண்கள் ஆடும் கிரிக்கெட் பந்தின் எடை 155.9 முதல் 163 கிராம் வரை. 160 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வரும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 120 ஜூல். அதே பந்தை 2 மீட்டர் உயரத்திலிருந்து கைமேல் போட்டால் 3 ஜூல் சொச்சம்தான். போட்டே 120 ஜூல் வர வேண்டுமென்றால், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டாலும், 77 மீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டும். கிளவுஸ் வாங்கும்போது மாட்டிக்கொண்டு இன்னொரு கையால் குத்திப் பார்த்து "நல்லாத் தாங்குது" என்கிறோமே, அந்தச் சோதனைக்கு உள்ள மதிப்பு அவ்வளவுதான்.

இந்த ஆற்றலை இரண்டு விதமாகச் சமாளிக்கலாம். ஒன்று, பந்து நிற்பதற்கான தூரத்தைக் கூட்டுவது. அந்தத் தூரம் இரண்டு மடங்கானால் சராசரி விசை பாதியாகும். இது மெத்தென்ற ஃபோமின் வேலை. மற்றது, ஒரே புள்ளியில் விழும் விசையை அகலமாகப் பரப்பிவிடுவது. இது கெட்டியான ஓட்டின் வேலை. ஃபோம் மட்டும் இருந்தால், அது முழுக்க அமுங்கிய கணத்திலிருந்து அங்கே எதுவும் இல்லாத மாதிரிதான். ஓடு மட்டும் இருந்தால், பரவிய விசை ஓட்டின் விளிம்பு வழியாகச் சதைக்குள் இறங்கும். வெளியே ஓடு, உள்ளே ஃபோம் என்ற வரிசை அதனால்தான்.

பேட்ஸ்மேனுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. திறந்த வெளியில் இருக்கும் கைமேல் பந்து பட்டால் கை பின்வாங்கும். அந்தப் பின்வாங்கலே பாதி காப்பு. பாட்டம் ஹேண்டின், அதாவது கைப்பிடியில் கீழே இருக்கும் கையின், ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் அந்த வசதி கிடையாது. முன்னால் பந்து, பின்னால் பேட்டின் கைப்பிடி, நடுவில் எலும்பு. நசுங்குவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. இந்த விரல்களுக்குக் கடையில் வரும் கிளவுஸிலேயே கூடுதல் தடுப்பு வைத்திருப்பார்கள். அடிபடாத விரலுக்கு அது பெரும்பாலும் போதும். ஒருமுறை முறிந்து ஆறிய விரலுக்குத்தான் தனியாக ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறது.

அப்படி ஒரு விரல். ஆள்காட்டி விரலின் அடி மூட்டுக்கும் நடு மூட்டுக்கும் இடையில் முறிந்து, கூடி, டாக்டரும் ஆடலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் அந்த இடத்தை அமுக்கினால் ஆள் முகம் சுளிக்கிறார். பேட்டைப் பிடிக்கச் சொல்லி, நோகும் இடத்தைப் பேனாவால் வட்டம் போடுவேன். விரல் மடங்கும் ரேகைகளையும் குறித்துக்கொள்வேன். பிறகு 3 மி.மீ. தடிமனுள்ள ஒட்டு ஃபோமில், வட்டத்தைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு துண்டு வெட்டி அந்த இடத்தின்மேல் ஒட்டுவேன். முடிந்த கவசத்தில் இந்தத் துண்டு இருக்காது. ஆனால் கவசம் வேலை செய்வது இதனால்தான்.

பிளாஸ்டிக் என்று நான் சொல்வது, குறைந்த சூட்டில் இளகும் தெர்மோபிளாஸ்டிக் தகடு. பெரும்பாலும் பாலிகேப்ரோலாக்டோன் கலந்தது. 65 முதல் 70 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு நிமிடம்போல் கிடந்தால் ஈரத்துணியாகத் துவண்டுவிடும். 1.6, 2.4, 3.2 மி.மீ. தடிமன்களில் கிடைக்கிறது. விரலுக்கு 1.6 தகட்டையே இரண்டடுக்காக ஒட்டுவது எனக்குப் பிடித்த வழி. மேலே இருக்கும் பூச்சைச் சுரண்டிவிட்டு, தண்ணீரில்லாத உலர்ந்த சூட்டில் சூடாக்கினால் நன்றாக ஒட்டும். இல்லாவிட்டால் ஒட்டியதுபோலத் தெரியும், முதல் அடியில் பிரிந்துவிடும்.

வெந்நீரிலிருந்து எடுத்த தகட்டைத் துவாலையில் ஒற்றி, என் மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துச் சூடு பார்ப்பேன். பிறகு விரலின் மேற்பக்கத்திலும் இரண்டு விலாவிலும் படியும்படி போர்த்தி, பேட்டைப் பிடிக்கச் சொல்வேன், எப்போதும் பிடிக்கிற அதே இறுக்கத்தில். இறுகும்வரை நான் உள்ளங்கையால் நீவிக்கொண்டிருப்பேன். விரல் நுனியால் ஒருபோதும் அமுக்குவதில்லை. அமுக்கினால் என் ரேகை பதிந்த இடமெல்லாம் உள்ளே ஒரு மேடு உருவாகிவிடும், மேட்டின் கீழே தோல் சிவக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் தகடு கெட்டிப்பட்டதும் கழற்றி, விரலிலிருந்த ஃபோம் துண்டைப் பிய்த்துப் போட்டுவிடுவேன். இப்போது மறுபடி மாட்டினால், நோகும் இடத்துக்கு மேலே ஒரு வெற்றிடம். ஓடு இரண்டு பக்கமும் உள்ள நல்ல எலும்பின்மேல் பாலமாகத் தங்கி நிற்கும். பந்து பாலத்தின்மேல் விழும். சுமை கரைகளுக்குப் போகும். நடுவிலிருக்கும் இடத்தை எதுவும் தொடாது.

அந்த வெற்றிடத்தைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் கை அரிக்கும். "உள்ள கொஞ்சம் பஞ்சு வச்சுட்டா இன்னும் சேஃப்டி இல்லையா சார்?" என்று கேட்காதவர் அபூர்வம். வைக்கக் கூடாது. ஓடு அடிபட்டு லேசாக வளையும்போது, பஞ்சு அந்த அழுத்தத்தை நேராக நோகும் இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மற்ற இடங்களில் மெல்லிய உள்ளுறை வேண்டுமென்றால், அதைக் கையில் ஒட்டிக்கொண்டு அதன்மேல்தான் தகட்டைப் போர்த்த வேண்டும். அச்செடுத்த பிறகு உள்ளே ஒட்டினால், ஒட்டிய அளவுக்குக் கவசம் இறுகிப்போகும்.

உள்ளங்கைப் பக்கம் எதையும் வைக்க மாட்டேன். அங்கே 2 மி.மீ. பஞ்சு சேர்வது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் கைப்பிடியைச் சுற்றி 2 மி.மீ. கூடினால் பிடியின் சுற்றளவு 12 மி.மீ.க்கும் மேலே கூடிவிடுகிறது. பிடி தடித்தால் ஆள் இன்னும் இறுக்கிப் பிடிப்பார், முன்கை சோர்ந்துபோகும், பேட் கையில் திரும்பும். கடைசியில் கவசம் கிட் பையின் அடியில் போய்ச் சேரும். பைக்குள் கிடக்கும் கவசத்தால் யாருக்கும் பயனில்லை என்பதால், பாதுகாப்பில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தாவது பிடியைக் காப்பாற்றுவது என் வழக்கம். இதில் என்னோடு ஒத்துப்போகாத சக சிகிச்சையாளர்கள் உண்டு. அவர்கள் கையை முழுக்க மூடுவார்கள்.

விளிம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கெட்டியான ஒன்று எங்கே முடிகிறதோ, அங்கே விசை குவியும். மணிக்கட்டுக்கு மட்டும் கட்டையாக ஒரு கெட்டித் தடுப்பு போட்டால், கீழே விழும்போது மணிக்கட்டு தப்பித்து, தடுப்பு முடியும் இடத்தில் முன்கை எலும்பு முறியலாம். அதனால் ஓட்டின் ஓரத்தைச் சற்று வெளிப்பக்கமாக மலர்த்திவிட வேண்டும். அதற்கும் அப்பால் ஃபோம் கொஞ்சம் நீண்டிருக்க வேண்டும். கெட்டி, பிறகு மெது, பிறகு தோல் என்று படிப்படியாக இறங்க வேண்டும். விரலில் மடங்கும் ரேகைக்கு 2, 3 மி.மீ. முன்பே ஓடு நின்றுவிட வேண்டும். அது ரேகைமேல் ஏறினால் விரல் மடங்காது, மடக்கினாலும் ஓரம் தோலை வெட்டும்.

விக்கெட் கீப்பரின் கதை வேறு. அவருக்கு அடி மேலிருந்து வருவதில்லை, நுனியிலிருந்து நேராக உள்ளே வருகிறது. நீட்டிய விரலின் நுனியில் பந்து மோதி நுனி மூட்டு சட்டென்று மடங்கும்போது, அதை நிமிர்த்தும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) அறுந்துபோகலாம். விரல் நுனி தொங்கிப்போகும். மாலட் ஃபிங்கர் என்பது இதுதான். வலி பெரிதாக இருக்காது என்பதால் டேப் சுற்றிக்கொண்டு ஆடுவார்கள். இதற்கான சிகிச்சை நுனி மூட்டை நேராக வைத்து ஆறு முதல் எட்டு வாரம், இரவு பகலாக ஸ்ப்ளிண்ட். கழுவக் கழற்றும்போது நுனி ஒருமுறை மடங்கித் தொங்கிவிட்டால்கூடக் கணக்கு முதலிலிருந்து ஆரம்பம். இந்தக் காலத்தில் எனக்கு மைதானக் கவசம் செய்து கொடுங்கள் என்று கேட்கிற கீப்பருக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: ஆறட்டும், பிறகு வாருங்கள்.

ஆறி வந்தவருக்கு நான் செய்வது பெரும்பாலும் புதிய கவசமே இல்லை, கிளவுஸைச் சரிசெய்வதுதான். கீப்பிங் கிளவுஸின் விரல் நுனியில் கெட்டியான தொப்பி இருக்கும். இன்னர், அதாவது கிளவுஸுக்குள் போடும் மெல்லிய உறை, போட்ட விரல் அதற்குள் எங்கே நிற்கிறது என்று பார்க்க, இன்னரின் நுனியில் சாக்பீஸ் தடவி மாட்டச் சொல்லி, சில பந்துகள் பிடிக்கவைத்துக் கழற்றச் சொல்வேன். தொப்பியின் உள்ளே, உச்சியில் பொடி ஒட்டியிருந்தால், பந்து படும்போதெல்லாம் விரல் நுனி போய் மோதுகிறது என்று பொருள். அப்போது விரலின் அடியில், அதாவது விரல்கள் பிரியும் கவட்டில், இன்னருக்கு மேலே மெல்லிய ஃபோம் பட்டை ஒன்று தைத்துவிடுவேன். கை அதற்குமேல் உள்ளே போகாது. நுனியில் சிறு இடைவெளி கிடைத்துவிடும். செலவே இல்லாத வேலை. ஆனால் நான் செய்தவற்றிலேயே அதிகம் பேர் தொடர்ந்து போட்டுக்கொண்டிருப்பது இதைத்தான்.

ஹாக்கியில் இடக்கைதான் பாவம். தாழ்வாகப் பந்தை மறிக்கும்போது ஸ்டிக்கோடு சேர்ந்து அந்தக் கையும் தரையில் உரசும். சுண்டு விரலின் வெளிப்பக்கமும் முட்டிகளும் தேய்ந்துபோகும். இங்கே அடியைவிட உராய்வுதான் பிரச்சினை. ஃபோமுக்கு மேலே வழுக்கும் பரப்பு வேண்டும், தையல் அந்தப் பக்கத்தில் வரக் கூடாது. வந்தால் நூல் முதலில் அறுந்து கவசம் வாயைப் பிளக்கும்.

ஃபுட்பால் கோல்கீப்பரின் கட்டைவிரலுக்குத் தடுக்க வேண்டியது ஒரே ஒரு அசைவு. பந்து கட்டைவிரலை வெளிப்பக்கமாகப் பிடுங்கித் தள்ளும்போது அடி மூட்டின் உட்புறத் தசைநார் (எலும்பையும் எலும்பையும் இணைக்கும் நார்) கிழிகிறது. அந்தத் திசையில் மட்டும் தடை போட்டுவிட்டு, நுனி மூட்டை முழுக்கச் சுதந்திரமாக விட வேண்டும். விரலைச் சுற்றி ஒரு வளையம், மணிக்கட்டை நோக்கி ஒரு சிறகு, அவ்வளவுதான் வடிவம். கடையில் கிடைக்கும் கிளவுஸில் விரல்களுக்குப் பின்னால் வரும் தண்டுகளும் இதே யோசனைதான், முன்னால் மடங்கும், பின்னால் வளையாது. கையில் இந்த வளையம் ஏறிய பிறகு பழைய கிளவுஸ் இறுக்கமாகிவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பாறை ஏறுகிறவர்களின் விரல் கப்பித் தசைநார்களுக்கு, அதாவது தசைநாணை எலும்போடு ஒட்டிப் பிடித்திருக்கும் பட்டைகளுக்கு, வளையம் செய்வதுண்டு. அது அடி தாங்கும் வேலையல்ல, தசைநாண் எலும்பை விட்டுத் தூக்காமல் அழுத்திப் பிடிக்கும் வேலை. அதைப் பற்றி இன்னொரு நாள்தான் எழுத வேண்டும்.

செய்து முடித்ததை எப்படிச் சோதிப்பது? விரல் கனமுள்ள ஒரு மரக்குச்சியில் மெல்லிய ஃபோமைச் சுற்றி, நோகும் இடத்துக்கு நேராகக் குழந்தைகள் விளையாடும் எண்ணெய்க் களிமண்ணில் ஒரு சின்னப் பொட்டு வைப்பேன். கவசத்தைக் குச்சியில் மாட்டிப் பந்தைப் போடுவேன். களிமண் பொட்டு உருண்டையாகவே இருந்தால் பாலம் தாங்குகிறது. தட்டையாகிவிட்டால் ஓடு வளைந்து தொடுகிறது, இன்னோர் அடுக்கு வேண்டும். மேலே சொன்ன கணக்குப்படி இது மிகச் சிறிய அடி. இரண்டு வடிவங்களில் எது மேல் என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் உதவும், மைதானத்துக்குச் சான்றிதழ் கொடுக்க உதவாது. அதனால் ஆள் மைதானத்துக்குப் போனதும் முதலில் டென்னிஸ் பந்து, அடுத்து மெதுவான த்ரோ டவுன் (பக்கத்திலிருந்து கையால் எறியும் பந்து), பிறகு பௌலிங் மெஷினில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்ப்பது. ஒவ்வொரு படியிலும் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். கழற்றி 20 நிமிடமாகியும் மறையாத சிவப்பு இருந்தால் அந்த இடத்தைத் திரும்பச் சூடாக்கி வெளியே தள்ளுவேன்.

3டி பிரிண்ட் செய்து தரலாமே என்று இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். செய்யலாம், கையை ஸ்கேன் செய்து அழகாக வருகிறது. ஆனால் வீட்டு பிரிண்டர்களில் சாதாரணமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக், அடிக்கு வளைந்துகொடுக்காமல் வெடிக்கும். வெடித்த ஓரம் கூர்மையாக இருக்கும், அதுவும் கிளவுஸுக்குள்ளே. பிரிண்ட் ஆன படிகள் எந்தத் திசையில் அடுக்கப்பட்டிருக்கின்றனவோ, அந்த வழியாகவே பிளக்கவும் செய்யும். நைலான், ரப்பர்போல் வளையும் டிபியு போன்றவை பரவாயில்லை. எனக்கு இன்னும் வெந்நீர்த் தட்டுதான் கைக்குப் பழக்கம். ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது, "இங்க இடிக்குது" என்றால் அப்போதே சரிசெய்ய முடிகிறது.

அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. குறைந்த சூட்டில் இளகுவது, வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் இளகும். முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது வேறு யாருடைய விரலுக்கோ ஆன கவசம் கிடைக்கும். வெந்நீரில் கழுவவும் கூடாது. சாதாரணத் தண்ணீர், சோப்பு, துடைத்துக் காயவைப்பது போதும்.

வியர்வை இன்னொரு தொல்லை. கவசத்தின் கீழே மெல்லிய பருத்தி உறை போட்டு, இடைவேளையில் மாற்றிக்கொள்ள இன்னொன்றையும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். பக்கத்து விரலோடு சேர்த்து டேப் போடுகிறவர்கள் இரண்டு விரல்களுக்கும் நடுவே துணியோ, காயத்துக்குக் கட்டும் காஸ் துணியோ வைக்காவிட்டால் தோல் ஊறி வெளுத்துப் புண்ணாகும். டேப் மூட்டுகளின்மேல் வராமல் இடையிலுள்ள எலும்பின்மேல் சுற்றினால் இரண்டும் சேர்ந்து மடங்கும். விரலை முழு வட்டமாகச் சுற்றும் எதையும், அது டேப்போ வளையமோ, ஆள் தானே ஒரு கையால் கழற்ற முடிய வேண்டும். மறுபடி அடிபட்டு விரல் வீங்கினால் ரத்த ஓட்டத்தையே அது நிறுத்திவிடலாம்.

சிலருக்குக் கவசம் செய்து கொடுக்காமல் டாக்டரிடம் திருப்பி அனுப்பிவிடுவேன். கீழே விழுந்தபின் கட்டைவிரலின் அடியில், விரலை விரித்தால் விழும் குழியில் அமுக்கினால் வலி என்றால், எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று சொன்னாலும் நான் தொடமாட்டேன். ஸ்கேஃபாய்ட் எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. அந்த எலும்புக்கு ரத்தம் நுனிப்பக்கத்திலிருந்துதான் உள்ளே போகிறது, அதனால் கவனிக்காமல் விட்டால் கூடாமலே நின்றுவிடலாம். எதிராளியின் ஜெர்சியைப் பிடித்திழுத்த பிறகு மோதிர விரலின் நுனியை மடக்க முடியவில்லை என்றாலும் அப்படித்தான். அது தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்த காயமாக இருக்கலாம், அறுவை சிகிச்சைக்கு நாள் கடத்தக் கூடாது. வளரும் பிள்ளைகளுக்கு மூட்டருகே அடிபட்டால் அங்கே எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. சுளுக்கு என்று எடுத்துக்கொண்டு கவசம் போட்டு ஆடவிடுவது என் மனசுக்கு ஒப்பவில்லை. பெற்றோரும் கோச்சும் சேர்ந்து வந்து கேட்டாலும் பதில் அதேதான். பிள்ளைகளுக்குச் செய்த கவசம் சீக்கிரமே சிறிதாகிவிடும் என்பது வேறு. பழையதை அண்ணனிடமிருந்து தம்பிக்கு மாற்றிவிடுவதும் வேண்டாம்.

கடைசியாக, செய்யும் முன்பே விதியைப் பார்த்துவிடுங்கள். கிரிக்கெட் சட்டம் 28இன்படி கீப்பரைத் தவிர வேறு ஃபீல்டர் யாரும் கிளவுஸ் போட முடியாது. விரலுக்கோ கைக்கோ காப்பு வேண்டுமென்றால் நடுவர்கள் சம்மதிக்க வேண்டும். பேட்டிங்குக்குச் செய்த விரல் ஓட்டோடு ஃபீல்டிங்குக்கும் இறங்கலாம் என்று நினைத்துப் போகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கீப்பருக்குச் சட்டம் 27. ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் தவிர வேறு விரல்களுக்கு இடையே வலை கூடாது. நான் மேலே சொன்ன கவட்டுப் பட்டையைக் கிளவுஸில் தைக்காமல் இன்னரில் தைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஹாக்கியில் கிளவுஸ் கையின் இயல்பான அளவைக் குறிப்பிடும்படி பெரிதாக்கக் கூடாது. ஃபுட்பாலில் சட்டம் 4 ஆபத்தில்லாத, மெத்தென்ற, எடை குறைந்த காப்புகளை அனுமதிக்கிறது. அதனால் ஃபுட்பாலில் கோல்கீப்பர் அல்லாதவருக்கு வெளியே கெட்டி ஓடு தெரியாமல் முழுக்க ஃபோம் சுற்றித் தருவேன். எந்த ஆட்டமானாலும், டாக்டரின் சீட்டையும் கவசத்தையும் டாஸுக்கோ கிக்காஃபுக்கோ முன்னாலேயே நடுவரிடம் கொண்டுபோய்க் காட்டி, அவர் விரலால் தடவிப் பார்க்கும்வரை கூடவே நிற்கச் சொல்லி அனுப்புகிறேன்.